மாமன்கள் நிறுத்தச் சொல்லும் பாட்டு

சண்டை போட்டாலும் சிரித்துக்கொண்டே போடுகிற என் அக்காவுக்கு,

உன்னிடம் சொல்ல எனக்கு ஒரு வண்டி சேதி இருக்கிறது. அத்தனையும் நல்ல சேதி. அழுதுகொண்டே எழுதுவேன் என்று நினைத்திருந்தால் ஏமாந்து போவாய். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் என் தையல் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வெட்ட வேண்டிய ஜாக்கெட் துணி மேஜை மேல் கிடக்கிறது. கிடக்கட்டும், முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

முதல் சேதி இதுதான். உன் பாட்டைக் கேட்டால் இப்போது ஊர் ஊராகத் தாய்மாமன்கள் பயப்படுகிறார்கள்.

உனக்குத் தெரிந்த கதை என்றாலும் இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். உடையார்பாளையத்தில் உன் மகளுக்குக் காது குத்திய நாள். பந்தல் நிறைய சனம். ஆசாரி கம்பியோடு தயாராக உட்கார்ந்திருக்கிறார். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமனைத்தான் காணவில்லை, நம் அண்ணனைத்தான். நல்ல நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் செட்டிகுளத்திலிருந்து வெங்காய லோடு ஏற்றுகிற வேனில் சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கினார். வேட்டு என்ன, மேளம் என்ன. பட்டுத்துணி போட்டு மூடிய பெரிய தாம்பாளத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே சின்ன வெங்காயம்.

அந்த வருடம் வெங்காயம் விலை போகவில்லை. வெங்காயம் சேர்த்து வைக்கிற பட்டறையில் தேங்கிக் கிடந்ததை அள்ளிக்கொண்டு வந்திருந்தார். வேறொருத்தியாக இருந்தால் புருசன் வீட்டாருக்கு எதிரே தலையைத் தொங்கப் போட்டிருப்பாள். நீ நேராகப் போய் மைக்செட் கலியமூர்த்தி கையில் இருந்த மைக்கைப் பிடுங்கினாய்.

"வேட்டுச் சத்தம் கேக்குதடி, வீதி அதிருதடி
செட்டிகுளத்து மாமன் சீரு சேந்து வருதடி
தட்டத் தொறந்து பாருங்கடி தங்கச்சிமாரே
தாம்பாளம் அண்டா பெருசு, வெங்காயம் நாலே"

பந்தலே விழுந்து விழுந்து சிரித்தது. உன் மாமியாரும் சிரித்தார், அண்ணனும் சிரித்தார். புருசன் வீட்டார் சொல்ல நினைத்ததை எல்லாம் நீயே ராகம் போட்டுப் பாடிவிட்டாய். பிறகு அவர்கள் சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது? உன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அப்புறம் எந்த விசேசத்துக்குப் போனாலும் அந்தப் பாட்டைப் பாடாமல் உன்னைப் பந்தியில் உட்காரவிடவில்லை. போன வருடம் வைகாசியில்தான் இரண்டு பேரும் இங்கே உரக்கடை மாடியில் இருக்கிற ஸ்டுடியோவில் அதைப் பதிவு செய்தோம். நீ பாட, நான் பின்னால் "ஆமா ஆமா" போட்டேன். அன்றைக்குக் கடைசியாக ஒரு கண்ணி புதிதாகச் சேர்த்தாய். அரியலூர் தாண்டி ஒரு சிமென்ட் லாரிக்குப் பின்னால் பஸ் நகராமல் நின்றபோது கட்டியது என்றாய். அண்ணன் வரவில்லை, வெங்காய அறுவடை. "பாட்டு வெளிய வரட்டும், அண்ணன் ஊரோட சேந்து கேக்கட்டும்" என்று சொன்னாய்.

ஆடியில் உனக்கு நெஞ்சு வலித்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

இந்தச் சித்திரையில் சென்னையிலிருந்து ஒரு பாட்டுக் கம்பெனிக்காரர் போன் செய்தார். பாட்டை அவர்களுக்கு அனுப்பி வைத்தது நான்தான். "மேடம், சாங் சூப்பரா இருக்கு. நாங்க ரிலீஸ் பண்றோம். ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல பேசலாம்" என்றார். மாமாவிடம் சொன்னேன். நீ போன பிறகு உன் புருசன் முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனால் அவர் செய்த காரியத்தைக் கேள். நம் பக்கத்தில் மேளக்காரரோ பாட்டுக்காரரோ, யாரைக் கூப்பிடுவதானாலும் கூப்பிடுகிறவர் வெற்றிலை பாக்கும் பழமும் அச்சாரமும் தட்டில் வைத்துக் கொடுத்துத்தானே கூப்பிடுவார்? "கம்பெனிதான கூப்புடுது, தாம்பூலம் வரும்" என்று மாமா முடிவு கட்டிவிட்டார். வீடியோவில் எப்படி வரும் என்று நான் கேட்டதற்கு, "ஆள் விட்டு அனுப்புவாங்கம்மா, பெரிய கம்பெனி" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் கழுவிவிட்டு, பாய் விரித்து, பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து உன் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். வருகிற ஆளுக்குச் சாப்பாடு போடக் கோழியும் அடித்தாயிற்று. அண்ணன் செட்டிகுளத்திலிருந்து சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இவர்களைப் பார்த்து நானும் போகிற போக்கில் கொஞ்சம் நம்பிவிட்டேன்.

போனைச் சுவரில் சாய்த்து வைத்தோம். கம்பெனிக்காரர் இளவட்டம்தான். மரியாதையாகத்தான் பேசினார். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று பேக்கேஜ் இருப்பதாகச் சொன்னார்.

மாமா என் பக்கம் குனிந்து, "பாட்டுக்கு நகையா போடுறாங்க?" என்று கேட்டார்.

"இல்ல மாமா, கேளுங்க."

"சில்வர்னா எங்க சேனல்ல போடுவோம் சார். கோல்டுன்னா ரீல்ஸ் பண்றவங்களை வெச்சு ஆட வைப்போம். பிளாட்டினம் கட்டுனீங்கன்னா எஃப்எம்ல கூட வரும்."

"கட்டுறது யாரு?"

"நீங்கதான் சார்."

மாமா அந்தக் காலித் தாம்பாளத்தை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. பாடுனது எங்க வூட்டுப் பொம்பள. கூப்புட்டது நீங்க. காசு நாங்க தரணுங்களா?"

"இப்ப எல்லாருமே அப்படித்தான் சார் பண்றாங்க."

போனை வைத்தோம். அண்ணன்தான் எழுந்து, "சரி, கோழி என்ன பாவம் பண்ணுச்சு" என்று இலையைப் போட்டார். வர வேண்டிய ஆளின் பங்கையும் அவரே சாப்பிட்டார்.

கை கழுவிவிட்டு வந்த மாமா திடீரென்று, "நம்ம தோப்பு முந்திரிக் காசு வரட்டும் கோதை, கட்டிடலாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவ கொரலு இந்தத் தோப்போட நின்னுடக் கூடாதும்மா" என்று மட்டும் சொன்னார். அதற்குள் அண்ணன், "பாதி நான் தரேன்" என்றார்.

நம் அண்ணன் அக்கா. எச்சில் கையால் காக்கா ஓட்டாத நம் அண்ணன். பாட்டு முழுக்க அவரைத்தான் கேலி செய்கிறாய், அதை உலகத்துக்குக் கேட்கச் செய்ய அவரே காசு தருகிறாராம். "சிரிக்கட்டுமே. என்னய வெச்சுத்தான சிரிக்கப் போறாங்க" என்றார். அன்றைக்கு ஒரு தடவை அழுதேன். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. பாடியவளே காசு கொடுத்து, கேளுங்கள் கேளுங்கள் என்று சொல்வதா என்று கேட்டேன். மாமா சும்மா விடவில்லை. "ஒன் கடைக்கு போர்டு வெச்சியே, ஆட்டோவுல மைக் கட்டிக் கத்தவுட்டியே. அதெல்லாம் சும்மாவா பண்ணுனாங்க?" என்றார். என் வாய் அடைத்துப்போனது. எனக்கே வாய் அடைத்தது என்றால் பார்த்துக்கொள்.

அன்று ராத்திரி ஊருக்குத் திரும்பி ஜாக்கெட் தைத்துக்கொண்டே அதையே யோசித்தேன். நான் திருவிழாக்களுக்குப் பாடப் போகிற ஆர்க்கெஸ்ட்ராவிலேயே இரண்டு பிள்ளைகள் இப்படிக் காசு கட்டிப் பாட்டு வெளியிட்டிருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. நல்ல பாட்டை வைத்துக்கொண்டு யாரும் கேட்காமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். போஸ்டர் ஒட்டுகிறவனுக்கும் வயிறு இருக்கிறது. செய்கிற வேலைக்குக் கூலி கொடுப்பதில் எனக்கு வழக்கே இல்லை. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? கட்டு என்றிருப்பாயா? இல்லை, அந்த ஆளையும் சேர்த்து ஒரு கண்ணி கட்டியிருப்பாயா?

மறுநாள் நானே கம்பெனிக்காரருக்குப் போன் போட்டேன். காசு கட்டினால் பாட்டு யாருக்குச் சொந்தம் என்று கேட்டேன்.

"ரைட்ஸ் கம்பெனிக்கு வந்துடும் மேடம்."

"அப்ப எங்க ஊரு கோயில்ல நான் பாடணும்னா?"

"ஒரு மெயில் போட்டு பெர்மிஷன் வாங்கிட்டா போதும் மேடம்."

எனக்கு மாமாவுக்கான பதில் கிடைத்துவிட்டது. போர்டு எழுதிய ஆள் என்னிடம் கூலிதான் வாங்கினார், கடையை எழுதி வாங்கவில்லை. இருந்தாலும் போனை வைப்பதற்கு முன்னால், "பாட்டுல ஒங்களுக்கு எந்த எடம் புடிச்சுது தம்பி?" என்று ஆசையாகத்தான் கேட்டேன்.

"அந்த அம்மா சென்டிமென்ட் மேடம். கண்ணு கலங்கிடுச்சு."

உன் பாட்டில் ஏது அக்கா அம்மா? அவர் பாட்டைக் கேட்கவே இல்லை. பாவம், ஒரு நாளைக்கு எத்தனை பாட்டு வருமோ. ஆனால் கேட்காத பாட்டை நல்ல பாட்டு என்று ஊருக்குச் சொல்லத்தான் நம்மிடம் காசு கேட்கிறார். "ஒரு தடவ முழுசா கேட்டுட்டுப் பேசுங்க தம்பி" என்று வைத்துவிட்டேன். மாமாவிடம் சொன்னதும், "அவ்ளோ வெங்காயத்தக் கூடவா பாக்கல?" என்று சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் மறுபடி முகம் தொங்கியது. "இருந்தாலும் வேற வழி என்னம்மா இருக்கு? வைகாசி வரைக்கும் பாப்போம். இல்லன்னா கட்டிடுவோம்" என்றார்.

வைகாசியில் வழி வந்தது. அது கலியமூர்த்தியின் மைக்செட்டில் வந்தது.

மீன்சுருட்டியில் ஒரு காதுகுத்து. அந்த வீட்டுப் பெண்களுக்கு நான்தான் ஜாக்கெட் தைத்திருந்தேன். கலியமூர்த்தி புது ஸ்பீக்கர் பாக்ஸ் வாங்கியிருந்தார். "அக்கா பாட்ட ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடும்மா, செட்டுக்குக் கை ராசியா இருக்கட்டும்" என்று கேட்டார். கொடுத்தேன். வீட்டிலேயே அடைந்து கிடந்த மாமாவையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அந்தப் பிள்ளையின் தாய்மாமன் சீரோடு தெரு முனையில் திரும்பினார். கழுத்தில் மாலை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கலியமூர்த்தி மைக்கைப் பிடித்து, "அடுத்து வருவது உடையார்பாளையம் தமிழரசி இயற்றிப் பாடிய தாய்மாமன் சீர்ப் பாட்டு" என்று அறிவித்துவிட்டுப் பாட்டைப் போட்டார். உன் குரல் அக்கா. தெரு முழுக்க உன் குரல். மாமா பந்தக்காலைப் பிடித்துக்கொண்டார்.

வெங்காய வரி வந்ததுதான் தாமதம், பெண்கள் எல்லாரும் ஓடிப் போய்த் தட்டுகளின் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். தாய்மாமன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விறுவிறு என்று கலியமூர்த்தியிடம் வந்தார். மைக்செட்காரர் சட்டைப் பையில் ஒரு நோட்டைச் செருகினார். "நிறுத்துய்யா, மானம் போவுது."

பாட்டு நின்றது. உடனே பிள்ளையின் அம்மா, அந்த ஆளின் தங்கை, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். "யாரக் கேட்டு நிறுத்துனீங்க? எங்கண்ணன நான் கேலி பண்ணாம வேற யாரு பண்ணுவா? போடுங்க" என்று அவள் ஒரு நோட்டை நீட்டினாள். பாட்டு மறுபடி முதலிலிருந்து ஓடியது. அண்ணன்காரர் மறுபடி வந்தார். தங்கச்சி மறுபடி வந்தாள். கலியமூர்த்திக்கு இரண்டு பையும் போதவில்லை. ஆசாரி கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நம் மாமா சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் அந்தப் புது பாக்ஸ் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை.

பஸ் ஏறும்போது, "முந்திரிக் காசுல கூரைக்கு ஓடு மாத்திடலாம் கோதை" என்றார். அதோடு கம்பெனிப் பேச்சு முடிந்தது.

ஆவணி முகூர்த்தத்துக்குள் ஜெயங்கொண்டத்திலிருந்து பெரம்பலூர் வரைக்கும் எந்த மைக்செட்டைத் தட்டினாலும் உன் பாட்டுதான். நிறுத்தச் சொல்லிக் கொடுக்கிற காசுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள், வாயடைப்புக் காசு. சீர் கொண்டுவருகிற மாமன்கள் அதற்கென்று தனியாக மடித்து எடுத்து வருகிறார்கள். தங்கச்சிமார்களும் முந்தானையில் முடிந்துகொண்டுதான் வருகிறார்கள். காசு கொடுத்து ஆட வைக்க வேண்டும் என்றார் கம்பெனிக்காரர். இங்கே பெண்கள் சும்மாவே ஆடி, அதைப் போனில் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். சிலர் போடுகிற சீரின் கனமே கூடிவிட்டதாகப் பேச்சு. உனக்கு அந்தப் புண்ணியமும் உண்டு.

கம்பெனிக்காரர் மறுபடி கூப்பிட்டார். "மேடம், சாங் நல்லா போவுதே. இப்ப கோல்டு பேக்கேஜ்ல ஒரு டிஸ்கவுண்ட் தரோம்" என்றார். மாமா என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"தம்பி, எங்க பக்கம் இந்தப் பாட்ட நிறுத்தத்தான் காசு வாங்குறோம்" என்று சொல்லிவிட்டு, "வேற ஒண்ணும் இல்லீங்களே? வெச்சிடவா?" என்று மரியாதையாகக் கேட்டு வைத்தார்.

ஐப்பசியில் ஒரு நாள் கலியமூர்த்தி உன் வீட்டு வாசலில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை. "பாட்டுக்காரவுங்க பங்கு. வாங்கிக்கணும்" என்றார். வெற்றிலை, பாக்கு, பழம், அதற்கு மேல் ஒரு கவர். மாமா உள்ளே போய் அந்தப் பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து வந்தார். சித்திரையிலிருந்து காலியாகக் கிடந்தது. இரண்டு கையாலும் தாம்பூலத்தை அதில் வாங்கி உன் படத்துக்கு முன்னால் வைத்தார். அன்றைக்கு அடித்த கோழியைச் சரியான ஆள் சாப்பிட்டார்.

எல்லாம் சரி, ஒரே ஒரு குறை இருக்கிறது. மாமன்கள் எல்லாரும் வெங்காயத்திலேயே நிறுத்திவிடுகிறார்களா, அதனால் நீ பஸ்ஸில் கட்டிய கடைசிக் கண்ணியை யாருமே கேட்டதில்லை. நம் அண்ணனும்தான். பாட்டைப் போட்டால் வெங்காயம் வரைக்கும் சிரிப்பார். பிறகு, "மாடு கத்துது, பாத்துட்டு வரேன்" என்று எழுந்து வெளியே போய்விடுவார். அவரிடம் மாடு ஏது? உன் குரலை அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. நானும் ஒன்றும் கேட்டுக்கொள்வதில்லை.

"நாலு வெங்காயம் போதுமண்ணே, நாலு சனம் சிரிக்கட்டும்
நீ வந்து நின்னதுல என் வூடு நெறையட்டும்
வெறுங்கைய வீசிக்கிட்டு வந்தாலும் குத்தமில்ல
ஒம் மடி இல்லாம எம்புள்ள காது குத்துறதில்ல"

இதைத்தானே ஊரோடு சேர்ந்து அவர் கேட்க வேண்டும் என்றாய்?

இனிக் கடைசிச் சேதி. ஆடியோடு உன் தலைத்திவசம் முடிந்தது. தை பிறந்ததும் செட்டிகுளம் மலைக்கோயிலில் என் மகள் மகிழினிக்குக் காது குத்துகிறோம். அண்ணன்தான் தாய்மாமன். இப்போதே, "வாயடைப்புக் காசெல்லாம் எடுத்து வெச்சிட்டேன், ஒங்கக்கா பாட்ட எங்கிட்ட வெச்சுக்காத" என்று மிரட்டிக்கொண்டு திரிகிறார். மைக்செட் கலியமூர்த்தியுடையது. அவரிடம் பேசிவிட்டேன். அன்றைக்கு ஒருவரிடமும் அவர் காசு வாங்க மாட்டார், அண்ணன் பட்டறையையே எழுதிக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்.

நம் ஊர்ச் சனமெல்லாம் சுற்றி நிற்கும். ஆசாரி கம்பியை எடுப்பார். அண்ணன் மடியில் பிள்ளை இருக்கும், மாடு கத்துகிறது என்று எழுந்து போக முடியாது. அப்போது உன் பாட்டு ஓடும் அக்கா, கடைசி வரி வரைக்கும் ஓடும். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உனக்குப் பின்னால் "ஆமா ஆமா" போட இன்னும் நின்றுகொண்டிருக்கிற,
உன் தங்கச்சி கோதை